தெளிப்போர் உடலிற் சேரும் பூச்சிநஞ்சை அளந்தறிதல்

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தை அடையுங் காலத்தில் அறக்கொட்டியான் தென்பட்டதும், மருதமுனைக் கமக்காரர் தெளிகருவியை முதுகிலேற்றிக்கொண்டு ஊருக்கு மேற்கேயுள்ள வட்டைகளுக்குச் செல்வது ஆண்டுதோறும் நிகழ்வதாகும். மாலையில் வீடு திரும்பியபின் தலைவலி, குமட்டல், கண் மங்கல், கைகால் சோர்வு ஆகியவற்றுள் ஒன்றோ இரண்டோ அவர்களிடம் தோன்றும். “வெயில் குத்திவிட்டது” எனச் சொல்லித் தேசிக்காய்ச் சாறு அருந்திப் படுத்துவிடுவர். மறுநாட் காலையில் ஓரளவு சுகம் கிடைக்கும். மீண்டுந் தாங்கி நிரப்பப்படும். நோன்பு காலமாயின் அக்களைப்பு நோன்பினால் வந்ததென்றே கொள்ளப்படும். வெயிலின் செயல் எவ்வளவு, மருந்தின் செயல் எவ்வளவு என்பதை இவ்வாறு ஊகித்து அறிய இயலாது. அதை அளந்தறிய வழியுண்டு. அவ்வழியை நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு இப்பிரசுரம் வெளியிடப்படுகிறது.

பூச்சிநாசினியைக் கமக்காரர் ‘மருந்து’ என்றே அழைப்பர். பயிருக்கு அது மருந்தாகலாம். அடிப்பவருக்கு எவ்வகையிலும் மருந்தன்று. எனினும் இச்சொல் வழக்கில் வேரூன்றிவிட்டமையால் இங்கும் அதுவே ஆளப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1982ஆம் ஆண்டில் வைத்திய அறிஞர் ஜெ. ஜெயரத்தினமும் அவருடன் சேர்ந்தோரும் இலங்கை பற்றிய ஓர் ஆய்வை வெளியிட்டனர். அக்காலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 13,000 பேர் பீடைநாசினிகளால் நஞ்சேறி வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர் என்றும், அவருள் ஏறத்தாழ 1,000 பேர் இறந்தனர் என்றும் அவ்வாய்வு காட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் தாமாகவே நஞ்சை அருந்தியோர் ஆவர். வேலை செய்யும்போது நஞ்சேறியோரும் அத்தொகையில் அடங்குவர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பின்னர் கொடிய நஞ்சுகள் பல நாட்டிலிருந்து நீக்கப்பட்டன. பரதயன் 1984இலும், மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன 1995இலும், என்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. இறப்புகளும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் இக்கணக்குகள் யாவும் வைத்தியசாலை வாயிலை மிதித்தோரைப் பற்றியவை. தலைவலியுடன் வீட்டிலே படுத்துறங்கியவர் எந்தக் கணக்கிலும் இல்லை. அவரைக் கணக்கிற் சேர்க்க வல்லது அவருடைய இரத்தமேயாகும்.

நஞ்சு உடலிற் செய்வது யாது?

பூச்சிகளைக் கொல்லும் மருந்துகளுள் சேதனப் பொசுபேற்று, காபமேற்று என இரு வகுப்புகள் உண்டு. இவை இரண்டும் பூச்சியையும் மனிதனையும் ஒரே வழியிலேயே தாக்குகின்றன. நரம்பு தசைக்குக் கட்டளை இடும்போது அசெற்றைல்கோலின் என்னும் பொருள் சிறிதளவு சுரக்கிறது. கட்டளை சென்று சேர்ந்ததும் அப்பொருள் உடனே அகற்றப்படல் வேண்டும். அவ்வேலையைச் செய்யும் நொதியத்திற்குக் கோலினெசுத்தரேசு என்று பெயர்.

இதை வயலில் வைத்து நோக்கினால் எளிதில் விளங்கும். வக்கடையைத் திறந்தால் நீர் பாயும். போதிய அளவு பாய்ந்ததும் ஒருவர் மண்வெட்டியுடன் நின்று அதை அடைத்தல் வேண்டும். அந்த ஆளின் கைகளைக் கட்டிவிட்டால் நீர் நில்லாது பாய்ந்து வயலை மூழ்கடிக்கும். மருந்து கட்டிப்போடுவது இந்நொதியத்தையே. அதன் பயனாகக் கட்டளை நில்லாது ஓடுகிறது: வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்ணின் பாவை சுருங்கும், வயிறு முறுக்கும், தசைகள் துடிக்கும், நெஞ்சு இறுகும். மிகுதியாயின் மூச்சு நின்றுவிடும்.

இவ்விரு வகுப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. காபமேற்று கட்டிய கட்டு சில மணித்தியாலங்களிலேயே தானாக அவிழும். சேதனப் பொசுபேற்றின் கட்டு எளிதில் அவிழாது. உடல் புதிய நொதியத்தை உண்டாக்கியே அக்குறையை நிரப்பவேண்டும். இதனாலேயே ஒரு நாள் அடித்ததன் மிச்சம் அடுத்த வாரம் அடிப்பதுடன் சேர்ந்துகொள்கிறது. முதலாந் தடவை ஒன்றுஞ் செய்யாத அதே அளவு மருந்து, நாலாந் தடவை ஒருவரை நிலத்தில் வீழ்த்துவதன் காரணம் இதுவே.

இரத்தத்தில் அளக்கும் முறை

நரம்பிலுள்ள நொதியத்தை எடுத்து அளக்க முடியாது. ஆயினும் அதே நொதியம் இரத்தத்தின் செங்குழியங்களிலும் உண்டு. அதனோடு இனமான வேறொன்று இரத்தத்தின் திரவவிழையத்தில் உண்டு. மருந்து இவற்றையுங் கட்டிப்போடுவதால், இரத்தத்தில் அளந்து நரம்பின் நிலையை அறியலாம். எல்மன் என்னும் அறிஞரும் அவருடன் சேர்ந்தோரும் 1961இல் வெளியிட்ட முறையே இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. இரத்தத்துடன் குறித்த இரசாயனங்களைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் தோன்றும். நொதியம் நன்கு வேலைசெய்யின் மஞ்சள் விரைவாக ஏறும். நஞ்சினாற் கட்டுண்டிருப்பின் மெதுவாகவே ஏறும். நிறம் ஏறும் வேகத்தைக் கருவி கணக்கிட்டு எண்ணாகத் தரும். விரல் நுனியிற் குத்தி எடுக்கும் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு கிராமத்திலேயே அளக்கக்கூடிய சிறு கருவிகளும் உள.

திரவவிழைய அளவு விரைவில் விழும். சில வாரங்களில் மீளும். செங்குழிய அளவு மெதுவாக மீளும். செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாளாகையால், முழுதாக மீள மூன்று நாலு மாதங்கள் செல்லலாம். ஆகவே முன்னது அண்மையில் நடந்ததையும், பின்னது போகம் முழுவதும் சேர்ந்ததையும் காட்டும். ஈரல் நோய், போசணைக் குறைவு, கருப்பம் ஆகியனவும் திரவவிழைய அளவைக் குறைக்கக்கூடும். இவை இருப்பின் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுதல் வேண்டும்.

விரலிற் குத்துமுன் கையைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுதல் அவசியம். விரலில் ஒட்டியிருந்த மருந்து இரத்தத்துளியிற் கலந்தால், உடலில் இல்லாத நஞ்சைக் கருவி இருப்பதாகக் காட்டிவிடும். வயலிலிருந்து நேரே வந்து கைநீட்டுவோரிடம் இத்தவறு பெரிதும் நேரும். காபமேற்று அடித்தவராயின் தாமதமின்றி அளக்கவேண்டும். குப்பியில் இருக்கும்போதே கட்டு அவிழ்ந்து, அளவு சாதாரணமெனத் தோன்றக்கூடும்.

ஒருவருடைய அளவுக்கு அவரே ஒப்பு

இப்பரிசோதனையிற் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சுகதேகிகளிடையேயும் இந்நொதியத்தின் அளவு ஆளுக்காள் பெரிதும் வேறுபடும். ஆதலால் பரிசோதனைச்சாலைகள் சாதாரண அளவென அகன்றதோர் எல்லையைக் கொள்கின்றன. விளக்கத்திற்காக அவ்வெல்லை 60 முதல் 110 அலகு வரை எனக் கொள்வோம். ஒருவருக்குப் போகத்தின் முன்னர் 105 அலகும், மருந்தடித்தபின் 70 அலகும் இருந்தன. இன்னொருவருக்கு முன்னர் 66, பின்னர் 64. இருவரும் அடித்தபின் மாத்திரமே பரிசோதிக்கப்பட்டிருப்பின், இருவருக்கும் ‘சாதாரணம்’ என்றே அறிக்கை கிடைத்திருக்கும். அதுமட்டுமன்றி, 70 உள்ளவர் 64 உள்ளவரிலும் நலமானவர் என்றுந் தோன்றியிருக்கும். உண்மையோ மறுதலையானது. முன்னவர் தமது நொதியத்தில் மூன்றிலொரு பங்கை இழந்துவிட்டார். அவர் மறுநாள் தெளிகருவியைத் தொடலாகாது. பின்னவருக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு எதுவுமில்லை.

எனவே போகம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் அளவை அறிந்து வைத்திருத்தல் இன்றியமையாதது. இதற்கு அடிப்படை அளவு என்று பெயர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இவ்வகை மருந்துகளை அடிக்கடி கையாளும் தொழிலாளருக்கு 1974ஆம் ஆண்டு முதல் இவ்வேற்பாடு நடைமுறையில் உள்ளது. அங்கு கைக்கொள்ளும் விதி எளிமையானது. கடைசியாக மருந்தைத் தொட்டு 30 நாள் கடந்தபின், சில நாள் இடைவெளியில் இருமுறை அளந்து அவற்றின் சராசரியை அடிப்படையாகக் கொள்வர். பின்னர் அளக்கும்போது அடிப்படையின் 80 வீதத்திற்குக் கீழ் விழுந்தால், அவர் வேலைசெய்யும் முறையை ஆராய்ந்து குறையைத் திருத்துவர். செங்குழிய அளவு 70 வீதத்திற்கோ, திரவவிழைய அளவு 60 வீதத்திற்கோ இறங்கினால் அவரை மருந்தடிக்கும் வேலையிலிருந்து முற்றாக விலக்குவர். 80 வீதத்திற்கு மீண்டபின்னரே திரும்பச் சேர்ப்பர். இவ்வெண்கள் மூன்றையும் கமக்காரர் தம் கொப்பியில் எழுதிவைத்தல் தகும். நோய்க்குறி எதுவும் தோன்றுமுன்னரே இவை அபாயத்தை அறிவிப்பதே இவற்றின் சிறப்பு.

மருதமுனை நெற்செய்கையாளருக்கு இதற்கேற்ற காலம் இயல்பாகவே அமைந்துள்ளது. சிறுபோக அறுவடை முடிந்து பெரும்போக விதைப்புத் தொடங்கும்வரை வட்டையில் மருந்துக்கு வேலை இல்லை. அவ்விடைவெளியில் அடிப்படை அளவை எடுத்து, மருந்தடிப்பு மும்முரமான நாட்களில் மறுமுறை அளக்கலாம்.

மரக்கறிச் செய்கையாளர் நிலை வேறு. மணற்பாங்கான நிலத்திற் கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை என ஒன்றன்பின் ஒன்றாக நட்டு, கிணற்றுநீர் இறைத்து வருவோருக்கு ஓய்வென ஒரு காலமில்லை. காய்துளைப்பானுக்கு அஞ்சி வாரந்தோறும் அடிப்போரும் உளர். இத்தகையோரின் ‘அடிப்படை’ அளவே முன்னரே தாழ்ந்ததாக இருத்தல் கூடும். தாழ்ந்த அளவை அடிப்படையாகக் கொண்டால் பிற்பாடு விழுவது தெரியாமற் போகும். இவர்கள் முறையைத் தலைகீழாகக் கொள்ளுதல் வேண்டும்: இப்போது ஒருமுறை அளந்து, ஒன்றிரண்டு மாதம் இவ்வகை மருந்துகளைத் தொடாதிருந்து, மீண்டும் அளந்து பார்த்தால், எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவும் முன்னர் இழந்திருந்தது எனத் தெளியலாம்.

முதலிற் பரிசோதிக்கப்பட வேண்டியவர் யார் எனின், கூலிக்கு மருந்தடிப்பவரே. வயற்சொந்தக்காரர் தம் வயலுக்கு ஒரு போகத்தில் இரண்டொரு தடவை அடிப்பார். கூலிக்காரரோ பலருடைய வட்டைகளில் நாள்தோறும் தாங்கி தாங்கியாக அடிப்பார். அவருக்குக் கூலி கொடுப்பவர் அவருடைய பரிசோதனைக்கும் வழிசெய்தல் நியாயமாகும். அடித்த மறுநாள் கத்தரிக்காய் பறிக்கும் பெண்களும், நனைந்த சாரனைத் தோய்க்கும் மனைவியரும் தெளிகருவியைத் தொடாதவர்கள் என்பதால் ஒருவரும் அவர்களை நினைப்பதில்லை. இலையிலும் துணியிலும் ஒட்டிய நஞ்சு அவர்களின் கைவழியே ஏறுகிறது.

நஞ்சு ஏறும் வழி

மூக்கைத் துணியாற் கட்டிக்கொண்டு, சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக்கட்டி, வெறுங்காலுடன் வயலில் இறங்குவோர் பலர். தாம் போதிய காவலுடன் இருப்பதாக அவர்கள் கருதுகின்றனர். டர்காம், வூல்வ் என்னும் இருவர் 1962இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் இதனை அளக்கும் முறையொன்றை விவரித்தனர். தெளிப்போரின் உடலிற் பல இடங்களில் சிறு ஒற்றுத்துண்டுகளைப் பொருத்தி, வேலை முடிந்தபின் அவற்றிற் படிந்த மருந்தை அளந்தனர். கைகளைக் கழுவிய திரவத்தையும் அளந்தனர். மூச்சில் நுழைந்ததிலும் தோலிற் படிந்தது பன்மடங்கு அதிகமெனக் கண்டனர்.

தோலும் எங்கும் ஒரே தன்மையது அன்று. பரதயன் என்னும் மருந்தைக் கொண்டு 1971இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முன்கை உறிஞ்சுவதை ஒரு பங்காகக் கொண்டால் நெற்றி ஏறத்தாழ நாலு பங்கும், அக்குள் ஏழு பங்கும், விதைப்பை ஏறத்தாழ பன்னிரண்டு பங்கும் உறிஞ்சின. முதுகில் ஒழுகும் தாங்கியிலிருந்து வழிந்த மருந்து இடுப்புவழியே சாரனை நனைக்கும். நெற்பயிரினூடே நடக்கையில் தொடைப்பக்கமும் நனையும். அந்த ஈரச் சாரனுடன் மாலைவரை நிற்பவர், உடலிலே மிக எளிதில் நஞ்சை உறிஞ்சும் இடத்தை நாள் முழுவதும் மருந்தில் ஊறவைக்கிறார். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலரும் சொல்லாது விடுகின்றனர்.

தம் உடலில் மருந்து எங்கே படிகிறது என்பதை ஒவ்வொருவரும் செலவின்றிக் கண்டறியலாம். நன்கு கழுவிய தாங்கியில் மருந்து சேர்க்காமல் வெறும் நீரை நிரப்பி, வெள்ளைத் துணிக்கு இடும் நீலத்தை அதிற் கடுமையாகக் கரைத்தல் வேண்டும். மருதமுனையிற் கைத்தறித் துணிக்குப் பஞ்சமில்லை. உள்ளங்கையளவான வெள்ளைத் துண்டுகளை மார்பு, முதுகு, முன்கை, தொடை, கணைக்கால் ஆகிய இடங்களிற் குத்திக்கொண்டு, வழக்கம்போல் ஒரு தாங்கி நீரை வயலில் அடித்துவிட்டு வந்து துண்டுகளைப் பரப்பிப் பார்க்கவேண்டும். காற்றுக்கு எதிராக அடித்தவரின் மார்புத் துண்டும், முன்னே அடித்துக்கொண்டு அதற்குள்ளேயே நடந்தவரின் தொடைத் துண்டும், மூடி ஒழுகும் தாங்கியைச் சுமந்தவரின் முதுகுத் துண்டும் நீலமாகியிருக்கும். ஆய்வாளர் ஒளிருஞ் சாயத்தையும் ஊதாக்கடந்த விளக்கையும் கொண்டு செய்வதும் இதுவே. நீளக் காற்சட்டை ஏன் வேண்டும், பின்னோக்கி நடந்து அடித்தல் ஏன் நல்லது என்பன பற்றி மணிக்கணக்கிற் பேசுவதிலும், ஒருமுறை அத்துண்டுகளைப் பார்த்தல் மேலானது.

பரிசோதனை காட்டாதவை

இரத்தப் பரிசோதனையில் அளவு குறையவில்லை என்பதால் எந்த மருந்தும் உடலிற் சேரவில்லை எனக் கொள்ளலாகாது. களைநாசினிகளும், பைரெத்திரொயிட் வகைப் பூச்சிநாசினிகளும் இந்நொதியத்தைக் கட்டுவதில்லை. அவை சேர்ந்ததை இப்பரிசோதனை காட்டாது. பல மருந்துகளின் சிதைவுப் பொருள்களைச் சிறுநீரில் அளக்கலாம். ஆயினும் அவை சில நாட்களுள் வெளியேறிவிடும். ஆகவே சிறுநீர் அந்தச் சில நாட்களின் செய்தியையே கூறும். டி.டி.ரி. போன்ற பழைய மருந்துகள் கொழுப்பிற் படிந்து ஆண்டுக்கணக்கில் தங்குவன. அவற்றை இரத்தத்தில் நேரே அளப்பர்.

வடமத்திய மாகாணத்தில் கமக்காரரை வாட்டும் காரணந் தெரியாத சிறுநீரக நோய் பற்றியும் இங்கு வினவப்படுகிறது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கை ஆய்வாளரும் சேர்ந்து செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளர் சிலரின் சிறுநீரிற் பீடைநாசினி எச்சங்கள் குறிப்பெல்லைக்கு மேற்பட்டுக் காணப்பட்டன, கட்மியமும் ஆராயப்பட்டது. எனினும் அந்நோயின் காரணம் இதுவெனத் துணியப்படவில்லை. குடிநீர், கடுவெப்பத்தில் நீரின்றி உழைத்தல் ஆகியனவும் ஆராயப்படுகின்றன. சிறுநீரகத்தின் நிலையை அறிய விரும்புவோர் இரத்தத்திற் கிரியற்றினின் அளவையும் சிறுநீரிற் புரதத்தையும் பார்ப்பித்தல் வேண்டும். கோலினெசுத்தரேசுப் பரிசோதனை அதற்கு உதவாது.

நோய்க்குறி வெளிப்படாத நிலையிலும் நரம்பு தாக்கமுறுமா என்பது பற்றி இலங்கை ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. சேதனப் பொசுபேற்று அடித்துவந்த கமக்காரரையும், மருந்துடன் தொடர்பற்ற கடற்றொழிலாளரையும் அவர்கள் ஒப்பிட்டனர். கமக்காரரின் நரம்புகளிற் செய்தி செல்லும் வேகத்திற் சிறு வேறுபாடுகள் தென்பட்டன. வயலும் கடலும் அடுத்தடுத்திருக்கும் மருதமுனை போன்ற ஊருக்கு இவ்வொப்பீடு நன்கு பொருந்தும்.

வரும் போகத்திற்குச் செய்யவேண்டியவை

இப்பரிசோதனை எல்லா வைத்தியசாலைகளிலும் நாள்தோறும் நடப்பதன்று. தனித்தனியே செல்வதிலும், கமக்கார அமைப்பினூடாக மருந்தடிப்போரின் பெயர்களைத் திரட்டி, கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியர் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் முன்கூட்டியே கோருதல் பயனளிக்கும். சிறுபோக அறுவடை முடிந்ததும் கோரிக்கை கையளிக்கப்பட்டால் விதைப்புக்கு முன் இரத்தம் எடுக்கக் காலம் கிடைக்கும். போகத்தின் முன்னும் பின்னும் ஒரே ஆய்வுகூடத்திலே, ஒரே முறையில் அளப்பித்தல் வேண்டும். இரு ஆய்வுகூடங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது.

மருந்தடிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி வைத்திருத்தல் வேண்டும். அடித்த திகதி, மருந்தின் வணிகப் பெயர், அதன் கீழே சிறிய எழுத்தில் உள்ள செயற்படு பொருளின் பெயர், எத்தனை தாங்கி, எத்தனை மணித்தியாலம், அன்றிரவு உடல்நிலை எவ்வாறிருந்தது என்பன அதில் எழுதப்படல் வேண்டும். புட்டியின் சுட்டுத்துண்டு தமிழிலும் அச்சிடப்பட்டிருத்தல் சட்டப்படி அவசியமாகையால் இவற்றைப் பார்த்தெழுதுதல் கடினமன்று. எழுதத் தெரியாதவருக்குப் பாடசாலை செல்லும் பிள்ளை எழுதிக்கொடுக்கும். வைத்தியரிடம் செல்லும்போது அக்கொப்பியையும் கொண்டுசெல்லவேண்டும்.

அடிக்கும்போதே மயக்கம், நெஞ்சிறுக்கம், தசைத்துடிப்பு, அடங்காத வியர்வை ஆகியன தோன்றினால் அது பரிசோதனைக்குக் காத்திருக்கும் வேளையன்று. நனைந்த உடையைக் களைந்து, தலைமயிர் உட்பட உடல் முழுவதையும் சவர்க்காரமிட்டுக் கழுவி, அவரைத் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். கழுவுபவர் தம் கைகளையும் காத்துக்கொள்ளவேண்டும். அங்கே கொடுக்கப்படும் அற்றோபீன் உயிரைக் காக்க வல்லது. எந்த மருந்து எனத் தெரிந்தால் சிகிச்சை விரைவாகும். ஆதலால் மருந்துப் புட்டியை நன்றாக மூடி, சுட்டுத்துண்டு கிழியாதபடி ஒரு பையிலிட்டு நோயாளருடன் அனுப்புதல் வேண்டும்.